காக்கா வளர்த்த குயிலுக்கு ‘கூ’ சொல்லிக் கொடுத்தது யார்? பொதிகை மலைப் பறவையின் பெயர்ச் சிக்கலும் ஆப்பிரிக்கக் குருவிகளும்

2025 ஜூன் மாசம். வைகாசி விசாகத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். அடுத்த மாசம் 7ஆம் தேதி குடமுழுக்கு என்பதால் திருச்செந்தூரே பரபரப்பா இருந்தது. எங்க வீட்டு வாசல் வேப்பமரத்தில் மட்டும் வேற ஒரு பரபரப்பு. காக்காக் கூட்டில் இருந்து ஒரு குஞ்சு வாயைப் பிளந்து கத்திக்கிட்டே இருக்கு. காக்கா ஓடி ஓடி ஊட்டுது. குஞ்சு காக்கா இல்லை, குயில்.

திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்த ஆச்சி கேட்டாங்க: “ஏட்டி, அத வளக்கது காக்கா. கூட வளந்ததும் காக்காக் குஞ்சு. பொறவு அதுக்கு கூன்னு கூவ யாரு சொல்லிக் குடுத்தா?”

சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஆனா அதே மாதம் உலகப் பறவைகளுக்கு ஒரே பொதுப் பட்டியல் வெளியான செய்தியைப் படிக்க உட்கார்ந்தபோது, ஆச்சி கேட்டது சாதாரணக் கேள்வி இல்லைன்னு புரிஞ்சது. ஒரு பறவை எந்த இனம் என்பதை ரத்தம் முடிவு செய்யுதா, வளர்ப்பு முடிவு செய்யுதா? ஆப்பிரிக்காவில் ஒரு குருவிக் குடும்பம் இந்தக் கேள்வியால் பறவையியல் அறிஞர்களைப் பல பத்தாண்டுகளாகச் சுத்த விட்டிருக்கு. தாமிரபரணி பிறக்கும் மலையில் வாழும் ஒரு சின்னப் பறவையின் எதிர்காலமும் கிட்டத்தட்ட இதே கேள்வியில்தான் தொங்குகிறது.

முதல்ல, அந்தப் பட்டியல் என்ன?

‘அவிலிஸ்ட்’ என்பது அதன் பெயர். இதுவரை உலகப் பறவைகளுக்கு ஒரே பட்டியல் கிடையாது. சர்வதேசப் பறவையியல் அறிஞர்கள் பராமரிக்கும் ஐ.ஓ.சி. பட்டியல், அமெரிக்காவின் கார்னெல் ஆய்வகத்தின் கிளெமென்ட்ஸ் பட்டியல், பேர்ட்லைஃப் அமைப்பின் பட்டியல் என்று மூன்று ஓடிக்கொண்டிருந்தன. நீங்கள் போனில் பயன்படுத்தும் இ-பேர்ட், மெர்லின் செயலிகள் கிளெமென்ட்ஸைப் பின்பற்றும். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் ‘சிவப்புப் பட்டியல்’ பேர்ட்லைஃப் பட்டியலைப் பின்பற்றும். அதாவது, உங்கள் போனில் ஒரே இனமாக இருக்கும் பறவை, ஆபத்துக் கணக்கு போடும் இடத்தில் இரண்டு இனமாக இருக்கலாம். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் இருந்தால் என்ன அவஸ்தையோ அதே அவஸ்தை.

இந்த மூன்றையும் ஒன்றாக்கும் வேலைதான் அவிலிஸ்ட். முதல் பதிப்பில் 11,131 இனங்கள். எண்ணிக்கை துல்லியமாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் இதில் பல நூறு பறவைகளுக்குப் பின்னால் ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும். நம்ம குயிலையே எடுத்துக்குங்க. இந்தியாவில் இருந்து ஆஸ்திரேலியா வரை பரவிய குயில்களை ஒரே இனம் என்று எழுதிய புத்தகங்கள் உண்டு. ஆசியக் குயில், பசிபிக் குயில், கருமூக்குக் குயில் என்று மூன்றாகப் பிரித்த புத்தகங்களும் உண்டு. பறவை அதேதான். எங்கே கோடு போடுவது என்பதில்தான் தகராறு.

அந்தக் கோட்டுக்குப் பாடப்புத்தக விதி ஒன்று இருக்கிறது. எர்ன்ஸ்ட் மயர் 1942இல் எழுதியது. தங்களுக்குள் இணைசேர்ந்து குஞ்சு பொரிக்கும் கூட்டம், மற்ற கூட்டத்தோடு இயல்பாகச் சேராமல் இருந்தால், அது தனி இனம். பிளஸ் டூ உயிரியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கேட்க எளிமையாக இருக்கும் இந்த விதி எங்கே உடைகிறது என்று பார்க்க ஆப்பிரிக்கா வரை போக வேண்டும்.

பாட்டைத் திருடும் குருவிகள்

விடுவிடே என்பது அந்தக் குடும்பம். 20 இனங்கள். இண்டிகோ குருவிகள் 10, நீண்ட வால் கொண்ட வைடாக்கள் 9, தனியாக நிற்கும் குயில்-ஃபிஞ்ச் 1. லத்தீனில் ‘விடுவா’ என்றால் கைம்பெண். கறுப்பு இறகைப் பார்த்து வைத்த பெயர். இண்டிகோ என்பது நம்ம அவுரி. வெயிலில் ஆண் குருவியின் கறுப்பில் அவுரி நீலம் மின்னும்.

இந்த 20இல் ஒன்றுகூட சொந்தமாகக் கூடு கட்டி, குஞ்சு வளர்ப்பதில்லை. எல்லாமே அடுத்தவர் கூட்டில் முட்டையிடுபவை. குயில்-ஃபிஞ்ச், கதிர்க்குருவி வகைகளின் கூட்டை நாடுகிறது. மற்ற 19ம் சில்லைக் குடும்பத்தை நம்பி வாழ்கின்றன. வயலில் கூட்டமாக நெல் கொத்துமே, நாம நெல்லுக்குருவின்னு சொல்றது, அந்தக் குடும்பம்தான். இண்டிகோ குருவியின் குஞ்சு வாயைத் திறந்தால், உள்ளே இருக்கும் புள்ளிகளும் நிறங்களும் வளர்ப்புத் தாயின் சொந்தக் குஞ்சின் வாயைப் போலவே இருக்கும். கூட வளரும் குஞ்சுகளை அது தள்ளிவிடுவதும் இல்லை. இந்த விஷயத்தில் நம்ம குயிலும் நல்ல பிள்ளைதான். ஐரோப்பியக் குயில் மாதிரி முட்டைகளை முதுகில் ஏற்றி வெளியே உருட்டுவதில்லை.

இப்போ ஆச்சி கேள்விக்கு வருவோம். குயில் இனங்களுக்குக் கூவல் பிறவியிலேயே உண்டு. யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை; காக்கா எவ்வளவு கரைந்தாலும் குயிலுக்கு ‘கா’ ஒட்டாது. ஆனால் இண்டிகோ குருவி பாடும் பறவைகளின் வம்சம். அவை பாட்டைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்ளும். யாரிடம் கேட்கும்? கூட்டில் வளர்த்த அப்பாவிடம்தான். வளர்ந்த ஆண் குருவி, தன்னை வளர்த்த இனத்தின் பாட்டை அப்படியே பாடும். பெண் குருவிக்கும் தன்னை வளர்த்த அப்பாவின் பாட்டுதான் பிடிக்கும். அந்தப் பாட்டைப் பாடும் ஆணைத் தேடி இணைசேரும். பிறகு அதே வளர்ப்பு இனத்தின் கூட்டைத் தேடிப் போய் முட்டையிடும்.

இந்தப் பாட்டு நகலை முதலில் விரிவாக ஆராய்ந்து 1964இல் எழுதியவர் ஜெர்மனியின் யூர்கன் நிக்கோலாய். அதைப் பரிசோதனையில் நிரூபித்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் பெய்ன். கிராமத்து இண்டிகோ குருவி என்ற இனம் இயற்கையில் சிவப்பு மூக்குத் தீச்சில்லையின் கூட்டில் வளர்வது. பெய்ன் குழு சில குஞ்சுகளை, ஆப்பிரிக்காவிலேயே இல்லாத பெங்காலி ஃபிஞ்ச் என்ற கூண்டுப் பறவையிடம் வளர்க்கக் கொடுத்தது. (பெயரில் பெங்கால் இருந்தாலும் இது கிழக்கு ஆசியாவில் வளர்ப்புப் பறவையாக்கப்பட்ட வெண்முதுகுச் சில்லை. அந்தச் சில்லையின் சொந்தக்காரர்கள் நம்ம ஊரிலும் உண்டு.) 1998இலும் 2000இலும் முடிவுகள் வெளிவந்தன. அங்கே வளர்ந்த ஆண்கள் பெங்காலி ஃபிஞ்ச் பாட்டைப் பாடின. பெண்கள் அந்தப் பாட்டை விரும்பின, பெங்காலி ஃபிஞ்ச் கூட்டிலேயே முட்டையும் இட்டன.

ஒரே தலைமுறையில் பாட்டு, ஜோடி, வீடு மூன்றும் மாறிவிட்டது.

இதை நம்ம பாணியில் சொல்வதானால்: நெல்லையில் பிறந்த பிள்ளையைக் கைக்குழந்தையிலேயே கோயம்புத்தூரில் விட்டால் ‘ஏனுங்’ என்றுதான் பேசும். அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் “கொங்கு பாஷை பேசுறவரைத்தான் கட்டிக்குவேன், என் பிள்ளையும் கோயம்புத்தூர் வீட்டில்தான் வளரணும்” என்று எல்லாரும், தலைமுறை தலைமுறையாக அடம்பிடித்தால்? சில ஆயிரம் வருஷத்தில் நெல்லைக் கூட்டமும் கோவைக் கூட்டமும் கலக்கவே கலக்காது. ரத்தம் ஒன்றுதான், பாஷை பிரித்துவிட்டது.

இப்படி நடந்திருக்கும் என்பதற்கு மரபணு ஆதாரத்தை 2003இல் ‘நேச்சர்’ இதழில் மைக்கேல் சோரன்சன், கிறிஸ்டினா செஃப்க், பெய்ன் மூவரும் கொடுத்தார்கள். வளர்ப்பு இனம் மாறும்போது புது இண்டிகோ இனம் கிளைக்கிறது என்பது அவர்கள் முடிவு. நடுவில் மலையோ கடலோ தேவையில்லை. ஒரு பெண் குருவி தப்பான கூட்டில் முட்டையிட்டு, அந்தக் குஞ்சு பிழைத்தால் போதும். கதை அங்கேயே தொடங்கிவிடலாம்.

பட்டியல் போடுபவர்களுக்குத் தலைவலி இங்கேதான். 10 இண்டிகோ இனங்களின் ஆண்களையும் வரிசையாக வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். நீலமா, பச்சையா, ஊதாவா என்ற பளபளப்பு. காலும் மூக்கும் சிவப்பா வெளுப்பா. பெண்களைப் பார்த்தால் இன்னும் மோசம், எல்லாம் சிட்டுக்குருவி மாதிரி பழுப்பு. மரபணுவிலும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் எல்லாவற்றையும் ஓரிரு இனங்களுக்குள் அடக்கப் பார்த்தவர்கள் உண்டு. பெய்ன் 1973இல் ஒரு பெரிய ஆய்வு நூலே எழுதி, பாட்டைக் கேளுங்கள், அது பிரிக்கும் என்று வாதாடினார். கேமரூன் பகுதியில் அந்த வாதமும் சிக்கலாகிறது. அங்கே ஒரே இனம் என்று பட்டியல் சொல்லும் இண்டிகோ குருவிகளில் சில ஒரு தீச்சில்லையின் பாட்டையும், சில வேறொரு தீச்சில்லையின் பாட்டையும் பாடுகின்றன. இன்னும் பிரிந்து முடியவில்லை போல. ஒரு இனம் இரண்டாகும் நடுவழியில் போட்டோ எடுத்தால் இப்படித்தான் மங்கலாக இருக்கும்.

(மெர்லின் செயலியை ஆன் செய்து இண்டிகோ குருவி முன்னால் நீட்டினால் என்ன பெயர் காட்டும்? குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.)

பாட்டு எவ்வளவு நம்பகமான சாட்சி என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் நைஜீரியாவின் ஜோஸ் பீடபூமி. அங்கே ஒரு இண்டிகோ குருவி, அதுவரை அறிவியலுக்குத் தெரிந்த எந்தத் தீச்சில்லையோடும் சரியாகப் பொருந்தாத பாட்டைப் பாடியது. அப்படியென்றால் அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் எங்கேயோ இருக்க வேண்டும். தேடினார்கள். பாறைச் சரிவுகளில் வாழும் ஒரு தீச்சில்லை கிடைத்தது. 1998இல் பெய்ன் அதைப் புது இனமாக அறிவித்தார். வாடகைக்கு இருந்தவரை வைத்து வீட்டு ஓனரைக் கண்டுபிடித்த கதை.

பாட்டோ, பரம்பரைக் கிளையோ, ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாறவும் வாய்ப்பு உண்டு. தேன்காட்டி என்று இன்னொரு ஆப்பிரிக்கப் பறவை, அதுவும் அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் கூட்டம்தான். 2011இல் கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் தலைமையில் வெளியான ஆய்வில் இந்தியாவின் சுஹேல் காதரும் ஒருவர். தரைப்பொந்தில் கூடு கட்டும் பறவைகளிடம் முட்டையிடும் தேன்காட்டிப் பெண்களும், மரப்பொந்துக் கூடுகளை நாடும் பெண்களும் தாய்வழியில் மிகப் பழைய காலத்திலேயே பிரிந்த இரண்டு வம்சங்கள் என்று அவர்கள் கண்டார்கள். தாய்வழி மரபணுவை மட்டும் பார்த்தால் இரண்டு இனம் என்று சத்தியம் செய்யலாம். முழு மரபணுவில் பார்த்தால் ஒன்றே. ஆண்கள் இரு பக்கமும் கலந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

சரி, இதுக்கும் நம்ம ஊருக்கும் என்ன?

நிறைய. முதல்ல குயில் வம்சத்திலேயே பார்ப்போம். தாமிரபரணிப் படுகையில் அடுத்தவர் கூட்டில் முட்டையிடுபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. தவிட்டுக்குருவிகளிடம் பிள்ளையை ஒப்படைக்கும் சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் உண்டு. குளிர்காலத்தில் வரும் சாம்பல்வயிற்றுக் குயிலைப் பழைய புத்தகங்களில் தேடினால், கிழக்கு ஆசியாவின் ஒரு குயிலோடு சேர்த்து ஒரே இனமாகப் போட்டிருப்பார்கள். இப்போது அது தனி.

இன்னும் சுவாரசியம் கரிச்சான் குயில். மின்கம்பியில் உட்காருமே இரட்டைவால் குருவி, கரிச்சான், அதைப் போலவே கறுப்பு, அதைப் போலவே பிளவுபட்ட வால். ஆனால் உள்ளே குயில். சலீம் அலி காலத்துக் கையேடுகளில் இது இந்தியா முழுவதற்கும் ஒரே இனம். இன்றைய பட்டியல்களில் இரண்டு. இமயமலை முதல் தென்கிழக்கு ஆசியா வரை உள்ளது சதுரவால்; தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளது பிளவுவால். பிளவுவாலின் குரல் ஐந்தாறு விசில்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி மேலே ஏறும். மழைக்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இதைக் கேட்டவர்களுக்கு மறக்காது. குயில் இனம் என்பதால் இந்தக் குரல் கற்றது இல்லை, பிறவி. அதனால்தான் இனம் பிரிக்கக் குரலைச் சாட்சியாகக் கூப்பிடுவது இங்கே ஓரளவு எளிது.

ஆனால் மலை மேலே ஏறினால் கதை மாறுகிறது. அங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன சின்னப் பறவை இருக்கிறது.

கணவாய்க்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

திருச்செந்தூர் - பாலக்காடு ரயிலில் போனவர்களுக்கு ஒன்று தெரியும். பொள்ளாச்சி தாண்டினால் மலைத்தொடர் திடீரென்று விலகி வழிவிடும். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தெற்கே இன்னொன்று, நமக்கு இன்னும் பக்கம்: செங்கோட்டைக் கணவாய். குற்றாலக் காற்று வரும் வழி. மனிதருக்கு இவை சாலையும் ரயிலும் போக வசதி. உயரத்துச் சோலைக்காட்டை விட்டு இறங்காத பறவைகளுக்கு இவை கடல் மாதிரி. கணவாயின் சூட்டையும் வறட்சியையும் தாண்டி அவை போவதில்லை. ஆகவே நீலகிரி ஒரு தீவு, ஆனைமலை - பழனி ஒரு தீவு, செங்கோட்டைக்குத் தெற்கே பொதிகையைச் சுற்றிய அகத்தியமலை ஒரு தீவு. இந்தத் தெற்குத் தீவை ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகள் ‘அஷாம்பு மலை’ என்று குறிக்கும்.

2017இல் வி.வி.ராபின், சி.கே.விஷ்ணுதாஸ், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. இந்த மலைத்தீவுகளின் இரண்டு பறவைக் கூட்டங்களுக்கு, அதுவரை ஒட்டவைத்திருந்த ஆசியச் சொந்தங்கள் சரியானவை அல்ல, இரண்டுமே தனிப் பேரினங்கள் என்றார்கள். ஒன்றுக்கு ‘மாண்டிசிங்க்லா’ என்று பெயர், பொதுப்பெயர் சிலப்பன். இன்னொன்றுக்கு ‘ஷோலிகோலா’, அதாவது சோலைவாசி, பொதுப்பெயர் சோலைக்கிளி. கிளின்னதும் பச்சைக்கிளியை நினைக்காதீங்க. மலையாளத்தில் சின்னப் பறவை எதுவானாலும் கிளிதான். இது நீலமாக, மரநிழலில் தரையோரம் தத்தித் திரியும் ஒரு சிறு பறவை.

சிலப்பனுக்குக் கதை நல்லபடியாக முடிந்தது. முன்பு வேறொரு மலையின் சிலப்பனுக்குக் கிளையினமாகக் கிடந்த அஷாம்பு சிலப்பன், இப்போது தனி இனம். இ-பேர்டில் தேடினால் வரும். சோலைக்கிளிக்கு முடியவில்லை. நீலகிரியில் ஒன்று, ஆனைமலை - பழனியில் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி, அகத்தியமலையில் மூன்றாவதாக ‘அஷாம்பு சோலைக்கிளி’ என்று ராபின் குழு சொன்னது. இந்த மூன்றாவதைப் புது இனமாகவே பெயரிட்டார்கள். ஆனால் எல்லாப் பட்டியலும் அதை ஏற்கவில்லை. இ-பேர்டில் அது வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளியின் கீழ்தான் வருகிறது.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. அஷாம்பு பறவைக்கும் வடக்கே உள்ள பறவைக்கும் தோற்றத்தில் வித்தியாசம் நுணுக்கமானது. மரபணு தனிக்கிளை காட்டுகிறது. ஆனால் எவ்வளவு விலகினால் தனி இனம் என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. தேன்காட்டிக் கதை ஞாபகம் இருக்கா? மரபணுவின் ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் என்ன ஆகும் என்று அங்கே பார்த்தோம்.

பாட்டைக் கேட்கலாமே என்றால், இவை பாடும் பறவைகள், பாட்டைக் கற்கும் பறவைகள். ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் பாட்டு வேறாக இருந்தால் அது இனமா, வட்டார வழக்கா? இதே பறவைக் கூட்டத்தின் பாட்டைப் பதிவு செய்து சேதனா புருஷோத்தமும் ராபினும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொடுகிறது. பழங்காலக் கணவாய்களால் பிரிந்த கூட்டங்களின் பாட்டு ஒரு விதமாக விலகியிருக்கிறது. அண்மைக் காலத்தில் காடு அழிக்கப்பட்டதால் பிரிந்த கூட்டங்களின் பாட்டு வேறு விதமாக மாறியிருக்கிறது. மனிதர் காட்டை வெட்டியதே பாட்டை மாற்றப் போதுமானதாக இருந்திருக்கிறது. அப்படியென்றால் பாட்டு வித்தியாசத்தை மட்டும் வைத்து ‘இது பழைய தனி இனம்’ என்று அடித்துச் சொல்ல முடியாது.

இப்போ மயர் விதிக்குத் திரும்புவோம். இரண்டு கூட்டமும் சேருமா சேராதா? இண்டிகோ குருவிகளிடம் இதைப் பார்த்துவிடலாம். ஒரே கிராமத்தில், சில இடங்களில் ஒரே மரத்தில்கூட, இரண்டு மூன்று இனம் பாடும். பெண் தனக்குப் பிடித்த பாட்டுக்காரனிடம் போகும். சேரவில்லை என்பது கண்ணெதிரே தெரிகிறது. அதனால் மரபணு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் பட்டியலில் 10 இனம். அகத்தியமலைச் சோலைக்கிளியும் ஆனைமலைச் சோலைக்கிளியும் சந்திப்பதே இல்லை. நடுவில் செங்கோட்டை. சந்தித்தால் சேருமா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அதனால் மரபணுவில் தனிக்கிளையாக இருந்தும் பட்டியலில் அது ‘கிளையினம்’.

எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. சந்திக்க வாய்ப்பே இல்லாத இருவரிடம் ‘நீங்க சேர மாட்டீங்கன்னு நிரூபிங்க’ என்று கேட்கும் விதி, மலைப் பறவைகளுக்குப் பொருந்தாத விதி. அதே நேரம், சிறு வித்தியாசத்துக்கெல்லாம் இனம் இனமாகப் பிரித்துக்கொண்டே போனால் பட்டியலுக்கு மதிப்பு போய்விடும் என்று பயப்படுபவர்களையும் தப்பு சொல்ல முடியவில்லை. நாளைக்குப் புது ஆதாரம் வந்தால் பட்டியலைத் திருத்தலாம். அவசரப்பட்டுப் பிரித்து, பிறகு ஒட்டவைப்பதும் குழப்பம்தான்.

பெயரில் என்ன இருக்கு?

பணம் இருக்கு, சட்டம் இருக்கு. சிவப்புப் பட்டியல் ஆபத்தைக் கணக்கிடுவது பெரும்பாலும் இனம் இனமாகத்தான். வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி என்று ஒன்றாகச் சேர்த்தால், பழனி, ஆனைமலை, அகத்தியமலை எல்லாம் சேர்ந்த பரப்பு கணக்கில் வரும். அகத்தியமலைக் கூட்டத்தைத் தனியாக எடுத்தால் அதன் மொத்த உலகமே செங்கோட்டைக்குத் தெற்கே சில மலைமுகடுகள். அங்கே மட்டும் ஏதாவது ஆனால், முதல் கணக்கில் அது ‘ஒரு பகுதியில் குறைவு’; இரண்டாவது கணக்கில் ‘ஒரு இனமே போச்சு’. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளும் பெயரை வைத்துத்தான் ஓடுகின்றன. (2022 திருத்தத்தில் ‘தீங்குயிரி’ அட்டவணை எடுக்கப்பட்ட பிறகு நம்ம காக்காவுக்கே அந்தஸ்து கூடிவிட்டது. குயிலை வளர்க்கும் புண்ணியம் போல.)

அகத்தியமலை ஒன்றும் கவனிப்பாரற்றுக் கிடக்கும் இடம் இல்லை என்பது ஆறுதல். களக்காடு - முண்டந்துறை 1988இல் இருந்து புலிகள் காப்பகம். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. புலிக்காகப் பாதுகாத்த காட்டில் சோலைக்கிளியும் பிழைக்கிறது. ஆனால் சோலைக்கிளிக்கு வேண்டியது காடு மொத்தமும் அல்ல, உயரத்தில் உள்ள சோலை. வெப்பம் ஏறினால் பறவை இன்னும் மேலே ஏறும்; பொதிகைக்கு மேலே ஏற இடம் கிடையாது.

பெயர்ப் பட்டியலுக்கும் தாமிரபரணி வயலுக்கும் இன்னொரு நேரடித் தொடர்பு உண்டு. நம்ம வயலில் பறக்கும் புள்ளிச்சில்லை, கூண்டுப் பறவை வியாபாரத்தால் அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியாவுக்குப் போய், தப்பிப் பெருகிவிட்டது. அதே வியாபாரத்தில் போன ஊசிவால் வைடாவும், அதாவது விடுவிடே குடும்பத்தில் ஒன்று, அங்கே தப்பியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் வேறு சில்லையிடம் வளரும் அது, கலிஃபோர்னியாவில் நம்ம புள்ளிச்சில்லையின் கூட்டில் முட்டையிடுகிறது. இந்தியக் குருவி ஆப்பிரிக்கக் குருவியை அமெரிக்காவில் வளர்க்கிறது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து எந்த வீட்டை ‘நம்ம வீடு’ என்று தேடிப் போகும்? பெய்ன் கூண்டுக்குள் செய்த பரிசோதனையின் ஒரு பாதி, அங்கே ஆள் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆச்சியிடம் போனில் இதெல்லாம் சொன்னேன். பாட்டு கற்கிற குருவி, கற்காத குயில், கணவாய், எல்லாம். பொறுமையா கேட்டுட்டு, “அப்போ அந்த மலைக் குருவிக்கு இன்னும் பேரு வைக்கலியா?” என்றார்கள். வச்சாச்சு ஆச்சி, இன்னும் எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லி கூப்பிடலைன்னேன்.

நீங்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்பவராக இருந்தாலோ, தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு மணிமுத்தாறு பக்கம் வரும்போது அப்படியே அனுமதியோடு மலையேறுபவராக இருந்தாலோ, சோலைக்கிளியைப் பார்த்தால் இ-பேர்டில் இப்போதைக்கு ‘வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி’ என்றே போடுங்கள். இடத்தை மட்டும் சரியாகக் குறியுங்கள், முடிந்தால் பாட்டைப் போனில் பதிந்து சேருங்கள். பட்டியலில் ஒரு இனம் இரண்டாகப் பிரியும்போது, பழைய பதிவுகளை இடத்தை வைத்து இ-பேர்டே புதுப்பெயருக்கு மாற்றிவிடும். செங்கோட்டைக்குத் தெற்கே என்று நீங்கள் வைத்த ஒரு புள்ளி, அந்த நாளில் தானாகவே அஷாம்பு சோலைக்கிளி ஆகிவிடும்.